பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஓர் ஊரின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு

ஒரு வருடச் சந்தாவைக் கட்டிவிட்டு, தேடும் ஊரும் தேடும் பத்தாண்டும் அந்தத் தளத்திலேயே இல்லை என்று தெரியவரும்போது ஏற்படும் எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்காது. "இருநூறு வருட அமெரிக்கச் செய்தித்தாள்கள்" என்ற விளம்பரம் பொய்யல்ல. ஆனால் அந்த இருநூறு வருடத்தில் பெரும்பகுதி 1880க்குப் பிந்தையதாக இருக்கும். 1790களில் ஒரு துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களைத் தேடுபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தேடியது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் துறைமுகத்தை. 1790 மக்கள்தொகைக் கணக்கில் எட்டாயிரம் பேருக்கும் குறைவாக இருந்த ஊர் அது. ஆனால் டெர்பி, க்ரௌனின்ஷீல்டு குடும்பங்களின் கப்பல்கள் அங்கிருந்துதான் சென்னைப்பட்டினம், கல்கத்தா, சுமத்ரா என்று போய் வந்தன. 1790 டிசம்பர் 29ஆம் தேதி அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் பென்ட்லி தம் நாட்குறிப்பில், சென்னையிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கறுத்த நிறம், நீண்ட கருங்கூந்தல், உயரமான, நல்ல உடற்கட்டு, கேப்டன் கிபோவுடன் வந்தவர், ஐரோப்பாவுக்கும் போயிருந்தவர் என்று விவரம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. அந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டால் அந்த மனிதர் யார் என்று தேடாமல் இருக்க நம்மால் முடியாது. அவர் எந்தக் கப்பலில் வந்தார், எப்போது திரும்பினார் என்பதற்கெல்லாம் அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அன்றைய செய்தித்தாள்கள்தான். இனி எழுதுவதெல்லாம் அந்தத் தேடலுக்கு என்னென்ன தேவை என்பது பற்றி. சேலத்துக்குப் பதிலாக வேறு எந்த ஊரைப் போட்டுக்கொண்டாலும் முறை இதுதான்.

எந்த வருடத்தில் செய்தித்தாள் இருந்தது, எந்த வருடத்தில் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சேலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 1692இன் சூனியக்கார விசாரணை. அதை அன்றைய அமெரிக்கச் செய்தித்தாளில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. பாஸ்டனில் பெஞ்சமின் ஹாரிஸ் 1690 செப்டம்பரில் வெளியிட்ட முதல் தாள் ஒரே இதழோடு அரசால் நிறுத்தப்பட்டது. அடுத்த தாளான பாஸ்டன் நியூஸ்-லெட்டர் 1704 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் இருந்த பதினான்கு வருடம் வெற்றிடம். சேலத்துக்கென்று சொந்தமாக ஒரு தாள் வந்தது 1768இல்தான். சாமுவேல் ஹால் தொடங்கிய எசெக்ஸ் கெஸட் அது.

அடுத்த சிக்கல் பெயர். சேலம் கெஸட் என்ற பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தாள்கள் வந்திருக்கின்றன. 1774இல் எசெக்கியல் ரஸ்ஸல் ஒன்று நடத்தினார், சில மாதங்களில் நின்றுபோனது. 1781இல் இன்னொன்று தொடங்கியது. அதைச் சாமுவேல் ஹால் கையில் எடுத்து நடத்தினார். மாநில அரசு 1785இல் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு வரி போட்டதும் அதைப் பாஸ்டனுக்கு மாற்றிப் பெயரையும் மாற்றிவிட்டார். 1786இல் தொடங்கிய சேலம் மெர்க்குரிதான் 1790இல் மூன்றாவது சேலம் கெஸட் ஆனது. 1800இல் வந்த போட்டித் தாள் இம்பார்ஷியல் ரெஜிஸ்டர், சேலம் ரெஜிஸ்டர், எசெக்ஸ் ரெஜிஸ்டர் என்று பெயர் மாறிக்கொண்டே போனது. தளத்தின் பட்டியலில் "சேலம் கெஸட்" என்று பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, நடுவில் எத்தனை இதழ் என்பதுதான் கேள்வி.

இதற்குச் செலவில்லாத வழி இரண்டு உண்டு. க்ளாரன்ஸ் ப்ரிகம் 1947இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலடைவு 1690 முதல் 1820 வரை வந்த எல்லாத் தாள்களையும் மாநிலம், ஊர் வாரியாக அடுக்கி, எந்த நூலகத்தில் எந்த இதழ் இருக்கிறது என்பது வரை சொல்கிறது. அச்சகர் மாறியது, பெயர் மாறியது, கிழமை மாறியது எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் க்ரானிக்ளிங் அமெரிக்கா தளத்தோடு வரும் செய்தித்தாள் விவரப்பட்டி. அந்தத் தளத்தில் படிமங்கள் முழுக்க இலவசம்தான். ஆனால் அது நெடுங்காலம் 1836க்குப் பிந்தைய தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லை 1690 வரை விரிந்த பிறகும் 18ஆம் நூற்றாண்டுத் தாள்கள் ஒப்பிட்டால் குறைவுதான். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகுப்பு ரீடெக்ஸ் நிறுவனத்துடையது. அதை நூலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விற்கிறார்கள். தனிமனிதருக்கு விற்கும் ஜீனியாலஜிபேங்க் அதே தாய்நிறுவனத்தின் தளம் என்பதால் பழைய தாள்களில் பல இரண்டிலும் பொதுவாக இருக்கும். எனவே நீங்கள் இருக்கும் மாநிலத்தின் பொதுநூலக அட்டையிலோ, பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகக் கணக்கிலோ ரீடெக்ஸ் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தால் காசு மிச்சம். சந்தாதான் கட்டியாக வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். கட்டுவதற்கு முன்னால் தாள்பட்டியலில் உங்கள் ஊர், உங்கள் வருடம் இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான தளங்கள் அந்தப் பட்டியலைச் சந்தா இல்லாமலே காட்டும்.

இதழ் கையில் கிடைத்ததும் எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும். அன்றைய தாள் என்பது ஒரே பெரிய காகிதத்தை மடித்து நான்கு பக்கமாக்கியது. காகிதத்தின் வெளிப்புறமான 1, 4ஆம் பக்கங்களை முதலில் அச்சடித்துவிடுவார்கள். அவசரமில்லாத விஷயங்கள்தான் அங்கே போகும். சட்டங்கள், வெளிநாட்டுச் செய்தி, கட்டுரை, பழைய விளம்பரம் போன்றவை. உட்புறமான 2, 3ஆம் பக்கங்கள் கடைசியில் அச்சாகும். ஊர்ச் செய்தி பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில், ஊர்ப் பெயரையும் தேதியையும் தலைப்பாகப் போட்டு வரும் பத்தியில் இருக்கும். அதற்குக் கீழே திருமணம், மரணம், கப்பல் வரத்து, பிறகு விளம்பரம். இன்றைய பழக்கத்தில் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று அடுத்த இதழுக்குப் போனால் தேவையான அத்தனையும் கைவிட்டுப் போகும்.

அந்த மூன்றாம் பக்கத்திலும் ஊர்ச் செய்தி நாலு வரிதான் இருக்கும். ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. காரணம் எளிது. எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். காசு கொடுத்துத் தாள் வாங்குபவருக்கு வேண்டியது லண்டன் செய்தியும் பாரிஸ் செய்தியும்தான். ஊரின் வாழ்க்கை விளம்பரங்களில்தான் பதிவாகியிருக்கிறது. யார் வீடு ஏலத்துக்கு வந்தது, யார் இறந்து சொத்துக்கு நிர்வாகி அமர்த்தப்பட்டார், யார் கடையில் என்ன சரக்கு இறங்கியது, தபால் நிலையத்தில் யார் பேருக்கு வந்த கடிதம் வாங்கப்படாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். வாங்கப்படாத கடிதப் பட்டியலை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தச் சமயத்தில் அந்த ஆள் அந்த ஊரில் இருந்திருக்கலாம், குறைந்தது யாரோ அவரை அங்கே எதிர்பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

துணி விளம்பரங்களில் நம் ஊர்கள் வரும். சென்னைக் கைக்குட்டைகள், புலிகாட் கைக்குட்டைகள் என்று 1790களிலும் 1800களிலும் நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்குப் பகுதித் தாள்களில் பார்க்கலாம். புலிகாட் நம் பழவேற்காடுதான். எழுத்துக்கூட்டு அச்சகருக்கு அச்சகர் மாறும். எல் ஒன்றா இரண்டா, யு-வா ஓ-வா என்று எல்லா வகையிலும் போட்டுத் தேடுங்கள். தரங்கம்பாடி ட்ராங்க்பார் என்ற பெயரில் இருக்கும். ஒரு கடைக்காரர் "இன்ன கப்பலில் இப்போதுதான் வந்திறங்கியது" என்று கப்பல் பெயரோடு விளம்பரம் கொடுத்திருந்தால் அந்தக் கப்பலின் வருகையைக் கண்டுபிடிக்க அது கைகொடுக்கும். ஆனால் விளம்பரத்தின் அடியில் இருக்கும் தேதி அது முதன்முதலில் கொடுக்கப்பட்ட தேதி. அதே அச்சுக்கட்டை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாகும். நவம்பர் இதழில் "இப்போதுதான் வந்தது" என்று இருந்தால் அது ஆகஸ்டில் வந்த சரக்காகவும் இருக்கலாம். அந்த விளம்பரம் முதலில் வந்த இதழ் வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

தேடுபெட்டியை நம்பி ஏமாறுவதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்பது. ஏறக்குறைய 1800 வரை அச்சில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் சிறிய எஸ் நீளமாக, பார்க்க எஃப் போலவே இருக்கும். படிமத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் அதை எஃப் என்றே படித்துவிடும். கணக்கு இப்படி வரும். பெரிய எழுத்து எஸ் மாறாது, அதனால் சேலம் என்று தேடினால் கிடைக்கும். சொல்லின் கடைசி எஸ் மாறாது, அதனால் மெட்ராஸும் கிடைக்கும். ஆனால் ஈஸ்ட் இந்தியா என்பதில் எஸ் நடுவில் வருகிறது. அதை எஸ் இடத்தில் எஃப் போட்டு இன்னொரு முறை தேட வேண்டும். லாஸ்கர் (ஆசிய மாலுமி), ஏஷியாட்டிக், கோஸ்ட், எசெக்ஸ், க்ரௌனின்ஷீல்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒரே எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட அனுமதிக்கும் தளம் என்றால் அந்த இடத்தில் அதைப் போடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும். இதைச் செய்யாமல் "ஈஸ்ட் இந்தியா பற்றி ஒன்றுமே இல்லை" என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். 1795க்கும் 1810க்கும் இடையில் ஒவ்வோர் அச்சகரும் ஒவ்வொரு சமயத்தில் நீள எஸ்ஸைக் கைவிட்டார்கள். ஆகவே அந்தப் பதினைந்து வருடத்துக்கு இரு வடிவத்திலும் தேடித்தான் ஆக வேண்டும்.

பெயர்களிலும் இதே தொல்லை. நீளமான பெயர் வரியின் ஓரத்தில் இரண்டாக உடைந்தால் தேடலில் சிக்காது. அந்தப் பெயரின் பின்பாதியை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஜான் என்பதை ஜே, என், ஓ என்று மூன்றெழுத்தில் சுருக்குவார்கள். வில்லியம், தாமஸ், சாமுவேல் எல்லாவற்றுக்கும் சுருக்கம் உண்டு. பெண்களைத் தேடுவது இன்னும் கடினம். மரண அறிவிப்பில் பல சமயம் கணவர் பெயர்தான் முன்னால் நிற்கும். அதில் "கன்சார்ட்" என்றிருந்தால் கணவர் உயிரோடு இருக்கிறார், "ரெலிக்ட்" என்றிருந்தால் அந்தப் பெண் விதவை. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் கணவர் எந்த வருடத்துக்கு முன்னால் இறந்திருப்பார் என்று ஊகித்துவிடலாம். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். சேலம் என்று பொதுவாகத் தேடினால் ஒரிகன், வட கரோலினா, நியூ ஜெர்சி சேலம்களும் வந்து குவியும். தாளின் ஊரை வடிகட்டியில் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் தேடத் தொடங்க வேண்டும்.

தேடுபெட்டி முழுக்கக் கைவிட்டாலும் வழி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தை மட்டும் இதழ் இதழாகப் புரட்டுவது. வாரம் ஒரு இதழ் என்றால் ஒரு வருடத்துக்கு 52 பக்கம். பழகிவிட்டால் ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலை. தேடுபெட்டியோடு பல மாலைகள் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. நடுவில் கண்ணில் படும் மற்ற செய்திகளால் ஊரும் பழகிவிடும்.

தேதி விஷயத்தில் மூன்று கண்ணிகள் உண்டு. ஒன்று, செய்தியில் "28 அல்ட்." என்றிருந்தால் கடந்த மாதம் 28ஆம் தேதி, "இன்ஸ்ட்." என்றிருந்தால் இந்த மாதம். ஜனவரி 4ஆம் தேதி இதழில் "28 அல்ட்." வந்தால் நிகழ்ச்சி முந்தைய வருடத்தது. இரண்டு, 1752 செப்டம்பர் வரை பிரிட்டிஷ் குடியேற்றங்களில் பழைய நாட்காட்டி. அதில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது அங்கே தேதி 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளில் வருடத்தை இரட்டையாகக் கோடு போட்டு எழுதியிருந்தால் காரணம் இதுதான். மூன்று, அச்சகரே ஜனவரி இதழில் பழைய வருடத்தை மாற்றாமல் விட்டுவிடுவது. தொகுதி எண்ணும் இதழ் எண்ணும் முகப்பில் இருக்கும். முந்தைய இதழின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு பத்தியின் தலையில் "பாஸ்டன், செப்டம்பர் 2" என்று இருப்பதால் அது பாஸ்டனில் நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்டன் தாளிலிருந்து அல்லது பாஸ்டன் தபாலில் வந்த செய்தி என்றுதான் அதற்குப் பொருள். அச்சகர்கள் தங்கள் தாள்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு, அவற்றிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது அன்றைய நடைமுறை. 1792 தபால் சட்டம் இந்தப் பரிமாற்றத்துக்குத் தபால் கட்டணமே இல்லாமல் செய்தது. இதில் நமக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. உங்கள் ஊர்த் தாளின் இதழ் அழிந்துபோயிருந்தாலும் அதன் செய்தி வேறோர் ஊர்த் தாளில் பிழைத்திருக்கலாம். சேலத்து ஜேக்கப் க்ரௌனின்ஷீல்டு வங்காளத்தில் 450 டாலருக்கு வாங்கிய குட்டியானையை அமெரிக்கா என்ற கப்பலில் ஏற்றிவந்து 1796 ஏப்ரலில் இறக்கியது நியூயார்க்கில். பத்தாயிரம் டாலருக்கு விற்றதாகப் பேச்சு. இந்தச் சேலத்துக் கதையின் முதல் அத்தியாயத்துக்கு நியூயார்க் தாள்களைத்தான் புரட்ட வேண்டும். அதேபோல இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பலான யுனைடெட் ஸ்டேட்ஸ் 1784 டிசம்பரில் புதுச்சேரியை அடைந்தது. அது கிளம்பிய ஊர் ஃபிலடெல்ஃபியா என்பதால் அங்குள்ள தாள்கள்தான் அதற்கு முதல் இடம்.

கப்பல் வரத்துப் பட்டியலை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. வந்தது, புறப்பட அனுமதி பெற்றது, நடுக்கடலில் இன்ன கப்பலைக் கண்டு பேசியது என்று மூன்று வகைக் குறிப்பு வரும். புறப்படும் கப்பலுக்கு "இந்தியா" என்று மட்டும் போட்டிருந்தால் அது சென்னையா கல்கத்தாவா என்று அதிலிருந்து சொல்லவே முடியாது. பல கேப்டன்களுக்கே அது போகிற வழியில் விலை நிலவரம் கேட்ட பிறகுதான் முடிவாகும். சில முதலாளிகள் வேண்டுமென்றே மறைத்தார்கள். 1795இல் சேலத்திலிருந்து ராஜா என்ற ஸ்கூனரில் கிளம்பிய ஜொனாதன் கார்ன்ஸ், சுமத்ராவின் மிளகுக் கரைக்குத்தான் போகிறோம் என்பதைப் போட்டியாளர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். சரியான துறைமுகம் வேண்டுமென்றால் திரும்பி வந்த குறிப்பைப் பாருங்கள். போவதற்கே நான்கைந்து மாதம் ஆகும் என்பதால் புறப்பட்ட குறிப்புக்குப் பிறகு ஒரு வருடமாவது கழிந்த இதழ்களில் தேட வேண்டும்.

பென்ட்லி பார்த்த அந்தச் சென்னை மனிதரைப் போன்றவர்களைத் தேடும்போது ஒன்றை மனதில் வையுங்கள். பட்டியலில் கப்பலின் வகை, பெயர், கேப்டனின் குடும்பப்பெயர் இவ்வளவுதான் இருக்கும். பயணிகள் பெயர் பெரிய மனிதர்களுக்கு மட்டும். மாலுமியின் பெயரும் வேலைக்காரரின் பெயரும் வரவே வராது. எனவே கேப்டனின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். கிபோ (ஜி, ஐ, பி, ஏ, யு, டி) என்பது பிரெஞ்சு வழிப் பெயர். கடைசி எழுத்துகள் டி, டி-க்குப் பதில் டிஎச், யு இல்லாமல், ஏ-க்குப் பதில் ஈ என்று பலவிதமாக அச்சாகும் என்று எதிர்பார்த்துத் தேடுங்கள். அவர் தலைமையில் எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று செய்தித்தாள் சொல்லும். அந்தக் கப்பலில் யார் இருந்தார்கள் என்பதற்குச் செய்தித்தாளை விட்டு வெளியே போக வேண்டும். 1799 முதல் 1879 வரையான சேலம் மாலுமிப் பட்டியல்களை மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிறந்த ஊர், உயரம், நிறம் வரை அதில் குறிப்புண்டு. பெயர் போட்டுத் தேடாமல் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் மெட்ராஸ், கல்கத்தா, இந்தியா என்று போட்டுப் பாருங்கள். 1790இல் வந்தவருக்கு அது உதவாது, ஒன்பது வருடம் முந்திவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெயரோடு கிடைப்பவர்கள் இன்னொரு வகை விளம்பரத்தில் இருக்கிறார்கள், அதைப் படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். ஓடிப்போன அடிமைகள், ஒப்பந்த வேலையாட்களைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்ற விளம்பரங்கள் அவை. 1776 ஜூலையில் வர்ஜீனியா கெஸட்டில் ஜான் நியூட்டன் என்ற ஏறக்குறைய இருபது வயது இளைஞரைப் பற்றி அப்படி ஒரு விளம்பரம் வந்தது. பிறப்பால் ஆசிய இந்தியர், பத்து வருடம் இங்கிலாந்தில் இருந்தவர், வர்ஜீனியாவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்று அதில் இருக்கிறது. விளம்பரம் கொடுத்தவர் அவரைத் திரும்பப் பிடிக்கத்தான் அவ்வளவு நுணுக்கமாக எழுதினார். அந்த நுணுக்கம்தான் இன்று அவரைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது. இத்தகையவர்களைத் தேட வெறும் "இந்தியன்" என்ற சொல் உதவாது, அமெரிக்கத் தொல்குடிகள் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஈஸ்ட் இந்தியா, ஈஸ்ட் இந்தியன், ஏஷியாட்டிக், லாஸ்கர், மலபார் என்று தனித்தனியாகப் போடுங்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழர்களையும் மலபார் என்றே எழுதினார்கள். வர்ஜீனியா கெஸட் படிமங்களைக் காலனியல் வில்லியம்ஸ்பர்க் தளம் இலவசமாகத் தருகிறது. 1770களின் நடுவில் அந்தப் பெயரில் ஒரே சமயத்தில் மூன்று தாள்கள் வந்தன. குறிப்பெழுதும்போது அச்சகரின் பெயரையும் சேர்க்காவிட்டால் உங்களாலேயே திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

உதிரி நறுக்குகள் கைக்குக் கிடைத்தால் அது தனி வேலை. பழைய ஒட்டுப் புத்தகங்களில் தாளின் பெயரோ தேதியோ இல்லாமல் வெட்டி ஒட்டியிருப்பார்கள். முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். பின்னால் இருக்கும் கடை விளம்பரம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். விலை பவுண்டு, ஷில்லிங்கில் இருந்தால் பெரும்பாலும் 1790களுக்கு முந்தையது. நீள எஸ் இருந்தால் 1810க்கு முந்தையது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கோடுகள் தெரிந்து, துணிபோல நெகிழ்வாக இருந்தால் கந்தல்துணியில் செய்த பழைய காகிதம். பழுப்பேறி, தொட்டால் நொறுங்கினால் மரக்கூழ்க் காகிதம், 1870க்கு முன்னால் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கிழமையும் தேதியும் சேர்ந்து கிடைத்தால் வருடத்தை ஏறக்குறைய நெருங்கிவிடலாம். ஓர் எடுத்துக்காட்டு: ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை. 1785க்கும் 1810க்கும் இடையில் இது 1786, 1797, 1809 ஆகிய மூன்று வருடங்களில் மட்டும் பொருந்தும். 1800 நெட்டாண்டு இல்லை என்பதைக் கணக்கில் சேர்த்தால்தான் இந்த விடை வரும்.

நறுக்கையோ முழு இதழையோ காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் மிகவும் எச்சரிக்கை தேவை. வாஷிங்டன் மரணச் செய்தியோடு வந்த அல்ஸ்டர் கவுண்டி கெஸட்டின் 1800 ஜனவரி 4 இதழ் என்று விற்கப்படுவதில் ஏறக்குறைய எல்லாமே 19ஆம் நூற்றாண்டில் நினைவுப்பொருளாக மறுபடி அச்சடித்தவை. நியூ இங்கிலாந்து கூரண்ட்டின் 1723 பிப்ரவரி இதழும் அப்படித்தான். இவற்றை விற்பவர்களிலேயே பலருக்கு விஷயம் தெரியாது. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது என்று மனதார நம்பித்தான் விற்பார்கள். கோடுள்ள காகிதமா, எழுத்து அழுந்திய பள்ளம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அப்படியே அசலாக இருந்தாலும் உள்ளடக்கத்துக்காக வாங்க வேண்டியதில்லை. அதன் படிமம் எங்காவது இருக்கத்தான் செய்யும். வாங்கியதை லாமினேட் செய்வதும் செல்லோடேப் ஒட்டுவதும் அதைக் கொல்வதற்குச் சமம். அமிலமில்லாத உறையில் போட்டு, படுக்கை வசமாக, இருட்டில் வையுங்கள்.

கிடைத்ததைப் பதிந்து வைப்பதில் சோம்பல் பட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். தளத்தின் வெட்டும் கருவி தானாகப் போடும் தேதியை அப்படியே ஏற்காதீர்கள். பல தளங்களின் படிமங்கள் பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. படச்சுருளில் ஒரு பக்கம் இடம் மாறியிருந்தால் தளத்திலும் தவறான இதழின் கீழ்தான் இருக்கும். முதல் பக்க முகப்பைத் திறந்து தேதியைச் சரிபார்த்து, அந்த முகப்பையும் சேர்த்துச் சேமியுங்கள். செய்தியை மட்டும் வெட்டாமல் முழுப் பக்கத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். சந்தா முடிந்த பிறகு பக்கத்து விளம்பரம் தேவைப்படும்போதுதான் அதன் அருமை தெரியும். கோப்புக்கு வருடம், மாதம், நாள், தாள், பக்கம், பத்தி என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டுச் செய்திக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் தளத்தின் படிமத்தை வெளியிடுவதற்கு அந்தத் தளத்தின் விதி என்ன என்று தனியாகப் பார்க்க வேண்டும். சொற்களை நீங்களே தட்டச்சு செய்து வெளியிட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக நூலகங்கள். வர்ஸ்டர் நகரில் இருக்கும் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி, அச்சகர் ஐசயா தாமஸ் 1812இல் தொடங்கியது. 1820 வரையான தாள்களுக்கு அதைவிடப் பெரிய சேமிப்பு வேறெங்கும் இல்லை. சேலத்துக் கப்பல் குறிப்பேடுகளும் குடும்பக் கடிதங்களும் ஃபிலிப்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. அது இப்போது சேலத்தில் இல்லை, ரௌலி என்ற ஊரில் இருக்கிறது. பழைய முகவரியைப் பார்த்து விமானச் சீட்டும் விடுதியும் போட்டுவிடாதீர்கள். இத்தகைய இடங்களுக்கு எழுதும்போது "சேலத்து இந்தியர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். தாளின் பெயர், தேதி, பக்கம், ப்ரிகம் அடைவில் அந்த இதழ் அவர்களிடம் இருப்பதாகக் காட்டும் குறிப்பு, இணையப் படிமத்தில் எந்த வரி படிக்க முடியவில்லை என்ற விவரம் இவற்றோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அப்படிக் கேட்டால் அசல் இதழை எடுத்து அந்த வரியைப் படித்துச் சொல்லக்கூடிய நூலகர்கள் இருக்கிறார்கள். படிமம் எடுத்து அனுப்பக் கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.